ரத்தமா, மஜ்ஜையா? மூன்று கவுண்ட்டும் குறைந்தால் எதை முதலில் எடுப்பது

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, அம்மாவுக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குன்னு சேர்த்திருக்கோம். நாளைக்கே போன்மேரோ எடுக்கணுமாம். அதோட ஏதோ ஜீன் டெஸ்ட்டும் சேர்த்து அனுப்பிடலாம்ங்கறாங்க. எல்லாம் சேர்ந்து முப்பதாயிரம்கிட்ட வருமாம். எடுக்கலாமா?"

ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். ஹீமோகுளோபின் 5.8. வெள்ளை அணு 2,900. தட்டணு (பிளேட்லெட்) 62,000. மூன்றும் தரையில். அதற்குக் கீழே, சிவப்பு மை படாத ஓரத்தில், இன்னொரு எண் இருந்தது: எம்சிவி 121. சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. வழக்கமாக 80க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டியது.

நான் மருத்துவன் இல்லை. 22 வருஷமாக நோயியல் லேபில் டெக்னீஷியன். ஸ்லைடு இழுப்பது, சாயம் ஏற்றுவது, மஜ்ஜை எடுக்கும்போது பக்கத்தில் நிற்பது என் வேலை. பார்த்துப் பெயர் சொல்வது எங்கள் மேடத்தின் வேலை. ஆனால் இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறையாவது யாராவது ஒருவரிடமிருந்து வருகிறது. அதனால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எதற்கு உதவும், எது உதவாது என்று நான் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை, அதாவது போன்மேரோவை, அடுப்படி என்றும், உடம்பில் ஓடும் ரத்தத்தைப் பந்தி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் இலைக்குச் சோறு வந்து சேரவில்லை. ஏன்? அடுப்பே பற்றவைக்காமல் கிடக்கலாம். அது ஏபிளாஸ்டிக் அனீமியா. உலை வைத்தும் சோறு பதம் கெட்டு அங்கேயே கொட்டப்பட்டிருக்கலாம். பி12, ஃபோலேட் குறைபாட்டில் நடப்பது அதுதான். வேண்டாதவர்கள் உள்ளே புகுந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். ரத்தப் புற்றான லுக்கீமியாவும், வேறு உறுப்பிலிருந்து பரவும் புற்றும் அந்த வகை. சமையல் ஒழுங்காக நடந்தும், பரிமாற வரும் வழியில் யாரோ பிடுங்கிக்கொண்டிருக்கலாம். வீங்கிய மண்ணீரலின் வேலை அது. பந்தியில் உட்கார்ந்தபடியே இதில் எது என்று பல நேரம் சொல்லிவிடலாம். சில நேரம் எழுந்துபோய் அடுப்படியை எட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆக, முடிவு இரண்டு கட்டமாக வருகிறது. ரத்தத்திலேயே பதில் கிடைக்குமா என்பது முதலாவது. மஜ்ஜைதான் என்றால் அதில் எந்தெந்தச் சாம்பிள் என்பது அடுத்தது. பெரும்பாலானவர்கள் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

எந்திரம் எண்ணும், கண் அடையாளம் காணும்

ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி எந்திரத்தின் அடிப்படை, 1953ல் அமெரிக்காவில் வாலஸ் கூல்ட்டர் காப்புரிமை பெற்ற ஒரு எளிய யோசனை. மிகச் சிறிய துளை வழியாக அணுக்கள் ஒவ்வொன்றாகப் போகும்போது மின்தடை ஒரு துள்ளு துள்ளும். துள்ளலின் உயரம் அணுவின் பருமன். இப்போது லேசர், சாயம் எல்லாம் சேர்ந்துவிட்டன. எண்ணுவதில் எந்த மனிதனும் இதோடு போட்டி போட முடியாது. ஆனால் அதற்கு முகம் பார்க்கத் தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரு கொடி காட்டும், அவ்வளவுதான்.

முகம் பார்க்க ஸ்மியர் வேண்டும், அதாவது ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒரு சொட்டு ரத்தம், அதன் முன்னால் சாய்த்துப் பிடித்த இன்னொரு ஸ்லைடு, தயங்காத ஒரே தள்ளு. கடைசியில் நாக்கு நுனி மாதிரி மெலிந்து முடிய வேண்டும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் இரண்டு நிமிடம், அப்புறம் அதைப் போல இரண்டு பங்கு பஃபர் தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் கழுவி நிமிர்த்தி வைத்துவிடலாம். வில்லியம் லீஷ்மன் 1901ல் சொன்ன முறை. இன்றைக்கும் நம் ஊர் லேப்களில் அதே ஊதாப் பாட்டில்தான். செலவு சில நூறு ரூபாய். காலையில் ரத்தம் கொடுத்தால் மதியத்துக்குள் பதில்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு கல்லூரிப் பெண். காய்ச்சலுக்காக எடுத்த கவுண்ட்டில் தட்டணு 18,000. உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை, ஈறில் கசிவு இல்லை. திரும்ப எடுத்தாலும் அதே எண். மஜ்ஜை எடுக்க நாள்கூடக் குறித்துவிட்டார்கள். ஸ்லைடு எங்களிடம் வந்தது. மெலிந்த ஓரத்துக்கு லென்ஸை நகர்த்தினால் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக, புளியம்பூ உதிர்ந்த மாதிரி ஒட்டிக் கிடக்கின்றன. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ, சிலருடைய தட்டணுக்களை இப்படி ஒட்டவைத்துவிடும். கொத்தை எந்திரம் தட்டணுவாக எண்ணாது. நீல மூடி சிட்ரேட் ட்யூபில் எடுத்து, அதிலுள்ள திரவத்துக்காக 1.1 ஆல் பெருக்கினால் 2,10,000. அந்தப் பெண்ணுக்கு நோயே இல்லை. இடுப்பில் ஊசி இறங்க இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது.

ஸ்மியருக்கும் பலவீனம் உண்டு. பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது அது. ஆறு மணி நேரம் ட்யூபில் கிடந்த ரத்தத்தில் இழுத்தால் அணுக்களின் உருவமே கெட்டுப்போயிருக்கும். அதைவிட முக்கியமாக, ரத்தத்தில் கெட்ட அணு தென்படவில்லை என்பதால் மஜ்ஜையில் இல்லை என்று ஆகிவிடாது. சில லுக்கீமியாக்களில் முதிராத இளம் அணுக்கள் உள்ளேயே நிறைந்து கிடக்கும். வெளியே ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. அதனால் 'ஸ்மியர் நார்மல்' என்ற வரிக்கு, 'ஸ்மியரில் இன்ன நோய் தெரிகிறது' என்ற வரியின் பலம் கிடையாது.

ரத்தமே போதும் என்ற பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளம்

நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியாவை எடுத்துக்கொள்வோம். வயிறு கனக்கிறது என்று வருவார். மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருக்கும். வெள்ளை அணு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் இருக்கும். ஸ்மியரைப் பார்த்தால் மஜ்ஜையைத் தூக்கி ரத்தத்தில் ஊற்றிய மாதிரி எல்லாப் பருவத்து அணுக்களும், கூடவே வழக்கத்துக்கு மேல் பேசோஃபில் என்ற வெள்ளை அணுக்களும். இந்த நோயின் அடையாளமான குட்டைக் குரோமோசோமை 1960ல் பிலடெல்ஃபியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் கண்டார்கள். அது 9ஆம், 22ஆம் குரோமோசோம்களுக்கு இடையே நடந்த பண்டமாற்று என்று 1973ல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்தப் பண்டமாற்றில் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற கலப்பு ஜீனை, கையில் எடுத்த ரத்தத்திலேயே பிசிஆர் (PCR) என்ற, ஜீனைப் பல மடங்காக்கித் தேடும் முறையில் பிடித்துவிடலாம்.

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வேறு குரோமோசோம் கோளாறு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பத்தில் ஒரு முறை மஜ்ஜை எடுப்பது வழக்கம். அது நியாயம். அதன் பிறகு மாத்திரை வேலை செய்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க ரத்தம் போதும். அந்தக் கலப்பு ஜீனின் அளவு மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஒரு வருஷத்தில் 0.1 சதவீதத்துக்குள் வந்தால் சரியான பாதை. எண் ஏறினாலோ, கவுண்ட் காரணமில்லாமல் விழுந்தாலோதான் மறுபடி மஜ்ஜைப் பேச்சு வர வேண்டும். பிசிஆர் பரவலாக இல்லாத காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இடுப்பில் குத்திக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தைச் சில இடங்களில் இன்னும் விடவில்லை.

இந்த மாத்திரை, இமாடினிப், அமெரிக்காவில் 2001ல் அனுமதி பெற்றது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006ல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013ல் முடிந்தது. மாத்திரை கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது. நம் ஊரில் பல வீடுகளில் இப்போது மாத்திரையைவிடப் பரிசோதனைச் செலவுதான் பேச்சாக இருக்கிறது.

வயதானவர்களுக்கு வரும் நாட்பட்ட லிம்ஃபோசைட் லுக்கீமியாவுக்கும் மஜ்ஜை அவசியமில்லை. ஒரே வார்ப்பில் வந்த பி லிம்ஃபோசைட்டுகள் ஒரு மைக்ரோலிட்டரில் 5,000க்கு மேல் இருக்கின்றன என்று, அணுக்களை வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி ரத்தத்தில் காட்டினால் போதும். ஹீமோகுளோபின் 18, 19 என்று ஏறி நிற்பவருக்கு, 2005ல் கண்டறியப்பட்ட ஜேஏகே2 ஜீன் மாற்றத்தை முதலில் ரத்தத்தில் தேடலாம். தட்டணு மட்டும் குறைந்து, மற்ற எல்லாம் ஒழுங்காக, ஸ்மியரும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுவை அழிக்கும் ஐடிபி; வழக்கமான தோற்றத்தில் வந்தால் அதற்கும் ஊசி வேண்டாம். இரும்புச்சத்து இருப்பைப் பார்க்க ஒரு காலத்தில் மஜ்ஜையில் நீலச் சாயம் ஏற்றினார்கள். இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியை ஃபெரிட்டின் என்ற ரத்தச் சோதனை பார்த்துக்கொள்கிறது. பீகாரில் காலா அசார் காய்ச்சலுக்கு மண்ணீரலிலும் மஜ்ஜையிலும் குத்திப் பார்த்த காலம் போய், விரல் ரத்தத்தில் பார்க்கும் ஆர்கே39 என்ற சோதனைப் பட்டை வந்துவிட்டது.

எழுந்துபோய்த்தான் பார்க்க வேண்டும் என்ற இடங்கள்

ஏபிளாஸ்டிக் அனீமியாவை ரத்தத்தை வைத்துச் சந்தேகப்படலாம், உறுதிசெய்ய முடியாது. மஜ்ஜை காலியாக, வெறும் கொழுப்பாக இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றில் பிளாஸ்மா அணுக்கள் மஜ்ஜையில் 10 சதவீதம் இருக்கின்றனவா என்பதே வரையறையின் ஒரு பகுதி. ரத்தத்தில் சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கிய மாதிரி நிற்பது குறிப்பு காட்டும், தீர்ப்பு சொல்லாது. எம்டிஎஸ் என்ற கோளாறில் மஜ்ஜையில் அணுக்கள் உருக்குலைந்து வளர்வதைப் பார்த்தாக வேண்டும். காரணம் தெரியாத நீண்ட காய்ச்சலில் காசநோய்க் கட்டிகள் மஜ்ஜையில் ஒளிந்திருப்பதுண்டு. டைஃபாய்டு கிருமியைக்கூட, நாலு நாள் ஆன்ட்டிபயாடிக் போட்ட பிறகு ரத்தத்தைவிட மஜ்ஜையில் வளர்த்தெடுப்பது எளிது. அதற்காக டைஃபாய்டுக்கு யாரும் இடுப்பில் குத்தப்போவதில்லை, சரி.

வேகமாக முற்றும் கடும் (அக்யூட்) லுக்கீமியா இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வழக்கு. ரத்தத்திலேயே இளம் அணுக்கள் ஏராளமாக இருந்தால் அதிலேயே ஃப்ளோ, ஜீன் சோதனை எல்லாம் செய்து வகை பிரித்துவிட முடியும். இருந்தாலும் சிகிச்சைக்குப் பிறகு மிச்சம் எவ்வளவு என்று அளக்க, ஆரம்ப மஜ்ஜை ஒன்று கையில் இருப்பது நல்லது. நோயாளி மூச்சுத் திணறி ஐசியுவில் கிடந்தால் ரத்தத்தை வைத்து ஆரம்பித்துவிடுவதே மேல்.

உறிஞ்சுவதா, துண்டு எடுப்பதா

மஜ்ஜை என்று முடிவாகிவிட்டால் அடுத்த தேர்வு இது. பேச்சில் இரண்டையும் 'போன்மேரோ' என்றே சொல்கிறோம். ஆனால் இரண்டும் வேறு. ஊசியில் சாறாக உறிஞ்சுவது ஆஸ்பிரேஷன். 1927ல் லெனின்கிராடில் அரின்கின் என்ற மருத்துவர் முதுகுத் தண்டு ஊசியையே மார்பெலும்பில் இறக்கி இதைத் தொடங்கிவைத்தார். எலும்போடு சேர்த்து ஒரு சிறு உருளையாக வெட்டி எடுப்பது ட்ரெஃபைன் பயாப்ஸி. இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஊசியை ஜம்ஷிதி 1971ல் அறிமுகம் செய்தார்.

பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். இடுப்பின் பின்பக்கம், பெல்ட்டுக்குக் கீழே குழி விழும் இடத்தில் எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். மரத்துப்போக லிக்னோகைன். அது எலும்பின் மேல்தோல் வரை போய், ஐந்து நிமிடம் பொறுத்தால் ஊசி இறங்குவது வெறும் அழுத்தமாகத்தான் தெரியும். வலிக்கும் இடம் உறிஞ்சும் அந்த நொடிகள். எலும்புக்குள் மருந்து எட்டாது. காலுக்குள் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி இருந்தது என்று ஒரு பெரியவர் சொன்னார். பத்து நொடிக்குள் முடிந்துவிடும். முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள்.

முதல் இழுப்பு அரை மில்லிக்குள் இருக்க வேண்டும். அது என் கைக்கு வரும். சாய்த்து வைத்த ஸ்லைடில் ஊற்றினால் ரத்தம் வழிந்து ஓடி, ரவை மாதிரி சின்னச் சின்ன மணிகள், கொழுப்பு மினுமினுக்க, கண்ணாடியில் ஒட்டி நிற்கும். அவைதான் மஜ்ஜை. "பார்ட்டிக்கிள் இருக்கு மேடம்" என்று சொன்ன பிறகுதான் ஃப்ளோவுக்கும் குரோமோசோமுக்கும் இரண்டாவது சிரிஞ்சில் இழுப்பார்கள். அவசரத்தில் முதல் இழுப்பிலேயே ஐந்து மில்லி இழுத்துவிட்டால் மஜ்ஜையோடு ரத்தம் கலந்து, எண்ணிக்கையே பொய்யாகிவிடும். மஜ்ஜையில் 30 சதவீதம் இருந்த இளம் அணுக்கள் நீர்த்துப்போய் 12 என்று தெரியும். கடும் லுக்கீமியாவுக்குப் பொதுவாக 20 சதவீதம் என்ற கோடு போட்டிருக்கும் உலகத்தில் அது சின்னப் பிழை இல்லை.

ஆஸ்பிரேஷனுக்கு அன்று மாலையே ஒரு வாய்மொழிப் பதில் கிடைக்கும். ஒவ்வோர் அணுவின் முகமும் தெளிவாகத் தெரியும். ஐந்நூறு அணு எண்ணி விகிதம் போடலாம். ஆனால் மஜ்ஜை எவ்வளவு நிறைந்திருக்கிறது, எங்கே எது அடைந்திருக்கிறது, நார் படர்ந்திருக்கிறதா என்ற அமைப்பு தெரியாது. அதற்கு ட்ரெஃபைன். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும். ஃபார்மலினில் ஊறி, சுண்ணாம்புச் சத்து நீங்கி, மெழுகில் பதிந்து, சீவிச் சாயம் ஏற்ற நாலைந்து நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். சுண்ணாம்பு நீக்கக் கடும் அமிலம் போட்டால் அந்தத் துண்டில் பிறகு ஜீன் சோதனை செய்வது கஷ்டம்.

இரண்டில் எது என்று கேட்டால், முதல் முறை எடுக்கும்போது இரண்டும், ஒரே படுக்கையில், ஒரே மரப்பு ஊசியில் என்பேன். ஒரு லாரி ஓட்டுநர் வந்திருந்தார். வயது 58 இருக்கும். பெரிய மண்ணீரல். ஸ்மியரில் சிவப்பணுக்கள் கண்ணீர்த் துளி வடிவத்தில். ஆஸ்பிரேஷன் மட்டும் என்று எழுதியிருந்தார்கள். மூன்று முறை இழுத்தும் சொட்டு வரவில்லை. மஜ்ஜை முழுக்க நார் படர்ந்தால் இப்படித்தான் வறண்டு நிற்கும். ஹேரி செல் லுக்கீமியாவிலும், புற்றணுக்கள் திணித்து அடைத்த மஜ்ஜையிலும் இதே கதைதான். துண்டு எடுக்கும் ஊசி அன்றைக்கு மேசையில் இல்லை. அவர் மறுபடி ஒரு வாரம் கழித்து வந்து, மறுபடி படுத்து, மறுபடி குத்திக்கொண்டார். ட்ரெஃபைனில் மைலோஃபைப்ரோசிஸ், அதாவது மஜ்ஜையில் நார் படரும் நோய், என்று வந்தது. கண்ணீர்த் துளி அணுக்கள் முதல் நாளே சொன்ன சேதி அது.

ஆஸ்பிரேஷன் மட்டும் போதும் என்ற நேரங்களும் உண்டு. ஏற்கெனவே வகை தெரிந்த லுக்கீமியாவில் மருந்து கேட்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியமாக அதில் ஒன்று. மார்பெலும்பில் என்றால் ஆஸ்பிரேஷன் மட்டும்தான். அங்கே துண்டு எடுக்கவே கூடாது, பின்னால் இதயம் இருக்கிறது. தட்டணு குறைவு என்பதற்காக இடுப்பில் எடுக்கப் பயப்பட வேண்டியதில்லை, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, மல்லாக்கப் படுக்கவைத்தால் நின்றுவிடும். ஹீமோஃபீலியாவோ, ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ இருந்தால்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முப்பதாயிரத்தில் பெரும்பங்கு போகும் இடம்

ஃப்ளோ, குரோமோசோம், ஃபிஷ், பிசிஆர், ஜீன் பேனல். ஐந்தும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஃப்ளோ, ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருள்களை அணுவின் மேல் ஒட்டவைத்து, லேசர் முன்னால் ஓடவிட்டு, இது பி அணுவா, டி அணுவா, மைலாய்டா என்று ஒரே நாளில் சாதி பிரிக்கும். சிகிச்சைக்குப் பின் பத்தாயிரத்தில் ஒன்று மிச்சமிருந்தாலும் பிடிக்கும். குரோமோசோம் சோதனைக்கு உயிருள்ள அணு வேண்டும். பச்சை மூடி ஹெப்பாரின் ட்யூபில், ஐஸில் உறையவிடாமல் போக வேண்டும். வளர்த்து, இருபது அணுக்களைப் படமெடுத்து அடுக்குவார்கள். ஒன்று, இரண்டு வாரம் ஆகலாம். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலேயே தேடக்கூடிய சோதனை அது. குறிப்பிட்ட ஒரு குரோமோசோம் துண்டை ஒளிரவைத்துத் தேடும் ஃபிஷ்ஷும், பிசிஆரும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காததை அவை சொல்லவே சொல்லாது. பல ஜீன்களை ஒரே வீச்சில் படிக்கும் பேனல் எல்லாவற்றிலும் விலை அதிகம்.

நோய் என்ன வகை என்று ஸ்லைடு பார்த்து ஒரு யூகம் வருவதற்கு முன்னால் பேனலுக்குப் பணம் கட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. சாம்பிளை எடுத்து, ஊதா மூடியிலும் பச்சை மூடியிலும் பத்திரப்படுத்திவிட்டு, ஸ்லைடு பதில் வந்த பிறகு எதை அனுப்புவது என்று முடிவு செய்யலாம். ஒரு நாள் தாமதத்தில் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

முக்கியமாக ஒரு நோயில் கெட்டுப்போகும். ஏபிஎல் (APL) என்கிற புரோமைலோசைட் லுக்கீமியா. ஸ்மியரில் ஊசிகளைக் கட்டாகக் கட்டி அணுவுக்குள் செருகிய மாதிரி ஔவர் தண்டுகள் தெரியும். அந்த நோயாளி அன்றிரவே மூளையில் ரத்தம் கசிந்து போய்விடக்கூடும். ஸ்லைடு பார்த்துச் சந்தேகம் வந்த அந்த நிமிடமே ஏடிஆர்ஏ மாத்திரையை ஆரம்பித்துவிடுவார்கள். 15ஆம், 17ஆம் குரோமோசோம்களுக்கு இடையிலான பண்டமாற்றை உறுதிசெய்யும் ஜீன் பதில் பின்னால் வரட்டும். அந்த ஆபத்தைத் தாண்டிவிட்டால் லுக்கீமியாக்களிலேயே குணமாகும் வாய்ப்பு அதிகமுள்ள வகைகளில் ஒன்று இது. சில நூறு ரூபாய் ஸ்மியர் ஒரு உயிரை நேரடியாகப் பிடித்து நிறுத்துவதை அந்த ஸ்லைடில்தான் பார்த்திருக்கிறேன்.

வரிசை மாறினால் வீணாகும் சாம்பிள்கள்

பி12 ஊசி போட்டு ஒன்றிரண்டு நாளிலேயே மஜ்ஜையின் சிவப்பணு வரிசை தன் பழைய தோற்றத்தை மாற்றிக்கொண்டுவிடும். அதற்குப் பின் எடுத்தால் படம் குழப்பும். சத்து ஊசி என்று மெடிக்கல் ஷாப்பில் போட்டுக்கொண்டு வந்தால் ரத்தத்தில் பி12 அளவும் ஏறி நின்று பொய் சொல்லும். ஸ்டீராய்டு அதைவிட மோசம். மூட்டு வலி, தட்டணுக் குறைவு என்று குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்து, அது லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவாக இருந்துவிட்டால், மருந்து பாதி அணுக்களைக் கொன்று நோயைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஊதா ட்யூப் எடுத்து வைத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு பார்க்கும் ஸ்மியரில் பாதி அடுத்தவர் ரத்தம்.

சரி, சித்திக்கு வருவோம்.

மஜ்ஜை எடுக்கச் சொன்ன டியூட்டி டாக்டர் மேல் தப்பில்லை. 61 வயது, மூன்று கவுண்ட்டும் குறைவு. மஜ்ஜை யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த எம்சிவி 121 பி12 குறைபாட்டை நினைவூட்டியதால் நான் தம்பியிடம் நாலு கேள்வி கேட்டேன். சித்தப்பா போனதிலிருந்து, பத்து வருஷமாக, சித்தி கவிச்சியே தொடுவதில்லை. பாலும் ஒத்துக்கொள்ளாது, வரக்காப்பிதான். சுகருக்கு மெட்ஃபார்மின் போடுகிறார். அதுவும் பி12 சேர்வதைக் குறைக்கும். "விரல் முட்டியைப் பார்றா, கறுத்திருக்கா?" "ஆமாண்ணே, ரெண்டு கையும். நாக்கு வேற எரியுதுன்னு ஒரு மாசமா காரமே சேத்துக்கல." பாதம் மரமரவென்று இருக்கிறது, இருட்டில் நடந்தால் தடுமாறுகிறது. இந்தியாவில் மூன்று கவுண்ட்டும் ஒன்றாகக் குறைந்து வருபவர்களில், பல மருத்துவமனைகளின் கணக்கில், முதலிடத்தில் நிற்பது இந்த பி12, ஃபோலேட் குறைபாடுதான்.

மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மஜ்ஜையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். ஊசி போடும் முன்னால் பி12, ஃபோலேட், எல்டிஹெச் என்ற நொதி, ரெடிகுலோசைட் என்ற புதுச் சிவப்பணுக்களின் அளவு எல்லாம் எடுத்தார்கள். ஸ்லைடு ஒன்று எங்கள் மேடத்துக்கும் வந்தது. முட்டை வடிவத்தில் பெருத்த சிவப்பணுக்கள். வழக்கமாகக் கரு மூன்று, நாலு மடலோடு நிற்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களில் ஒன்று ஆறு மடலோடு நின்றது. இளம் லுக்கீமியா அணு ஒன்றுகூட இல்லை. எல்டிஹெச் 3,000ஐத் தாண்டியிருந்தது. மஜ்ஜைக்குள்ளேயே அணுக்கள் உடைந்துகொண்டிருப்பதன் கணக்கு அது. கண்ணில் லேசாகத் தெரிந்த மஞ்சளும் அதனால்தான். பி12 எந்திரம் அளக்கக்கூடிய கீழ் எல்லைக்கும் கீழே.

நிபந்தனையையும் பேசிவைத்துக்கொண்டோம். ஊசி போட்டு எட்டாம் நாளுக்குள் ரெடிகுலோசைட் ஏறாவிட்டால், இரண்டு வாரத்தில் தட்டணு லட்சத்தைத் தொடாவிட்டால், மஜ்ஜை, அதுவும் ஆஸ்பிரேஷனும் ட்ரெஃபைனும் சேர்த்து. வெறுமனே 'பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால் பார்க்கவே மாட்டோம் என்று எனக்குத் தெரியும்.

தினம் ஒரு ஊசி. மூன்றாம் நாள் பசிக்கிறது என்றார். பொட்டாசியம் இறங்கிவிடாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார்கள். ஏழாம் நாள் ரெடிகுலோசைட் 0.9ல் இருந்து 14 சதவீதம். பதினொன்றாம் நாள் தட்டணு 1,84,000. முப்பதாயிரத்தில் நாலாயிரம்கூடச் சோதனைக்குச் செலவாகவில்லை. மீதியில் தம்பி வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கிவிட்டான்.

பாத மரமரப்பு மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. மாதம் ஒரு ஊசி ஓடுகிறது. இப்போதும் ராத்திரி எழுந்தால் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடக்கிறார்.